செம்புக் கம்பியில் பச்சை

அக்டோபர் 27, திங்கள்

லேசர் வெட்டு இயந்திரம் இன்று காலை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஆள் கைப்பேசியை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டதென்று அழித்து மறுபடி கேட்டார். இப்போதெல்லாம் கட்டங்களைச் சிறிதாக வைக்கிறார்கள்.

ஜெயசீலி என் மறைந்த கணவரின் தங்கை. தன் கணவனும் போன பிறகு, பிறந்த வீடான இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள்.

“என்ன மைனி இது, இம்புட்டு நீளத்துக்கு? சவப்பெட்டியை முன்கூட்டியே வாங்கிட்டியளா?”

“வெட்டுற மிஷின்.”

“எதை வெட்ட?”

“முதல்ல உன் வாயை.”

இதை ஏன் வாங்கினேன் என்று எழுதி வைப்பது நல்லது. எனக்காகக் காரணம் கற்பிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன் கிப்சன், கோயம்புத்தூருக்கு வெளியே மலையடிவாரத்தில் உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் எனக்கு இடம் பதிந்து வைத்திருக்கிறான். கிறிஸ்துமசுக்கு வரும்போது “முடிவெடுப்போம்” என்கிறான். அந்தப் பன்மையில் நான் அடங்கவில்லை. நான் போனால் பாளையங்கோட்டை வீடு விற்கப்படும். ஜெயசீலி தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். தானே ஒரு இயந்திரத்தைப் பூட்டி, இயக்கி, சபையின் பெண்கள் ஐக்கிய விற்பனையில் மர நட்சத்திரங்களை அடுக்கி வைக்கும் எழுபத்தாறு வயதுக்காரியை யாரும் மலையடிவாரத்துக்கு அனுப்ப முடியாது. காரணம் இவ்வளவுதான்.

அக்டோபர் 29, புதன்

பின்னறையில் மேசை போட்டுப் பூட்டத் தொடங்கினேன். அலுமினியச் சட்டங்கள் நான்கு, இரண்டு பெல்ட்டுகள், ஒரு மின்பலகை, நடுவில் ஓடும் லேசர் தலை. மூடி கிடையாது. மலிவு என்பதன் பொருள் அதுதான்: பாதுகாப்பை வாங்குபவர் தலையில் கட்டிவிடுவது.

விளக்கப் புத்தகத்தை எறும்புக்காக அச்சிட்டிருக்கிறார்கள். ஜெயசீலியை வாசிக்கச் சொன்னேன். பத்தாம் வகுப்போடு நின்ற அவளுடைய ஆங்கிலம் எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழுந்து எழுந்து நடக்கும்.

“டூ... நாட்... ஸ்டேர்... மைனி, ஸ்டேர்னா மாடிப்படியா?”

“முறைச்சுப் பாக்குறது. லேசரை முறைச்சுப் பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“நான் ஏன் அதை முறைக்கப்போறேன்? நீங்கதான் எல்லாரையும் முறைப்பிய.”

ஒரு திருகாணி கீழே விழுந்தது. தரையில் புள்ளி போட்ட ஓடு பதித்தது என் கணவரின் தேர்வு. அந்தப் புள்ளிகளுக்கிடையே எதைத்தான் கண்டுபிடிப்பது? கையால் தடவி எடுத்தேன். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாயிருந்தால்தான் சதுரம் சதுரமாக இருக்கும். நாடாவின் எண்களை ஜெயசீலி சொன்னாள். ஒன்றாக இருந்தன.

இந்தப் பேனாவில் மை மங்கிவிட்டது. இனிக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதுவதாக உத்தேசம்.

அக்டோபர் 31, வெள்ளி

பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிந்தன. இயந்திரத்தோடு இலவசமாக வந்த பாதுகாப்புக் கண்ணாடியில் எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்று ஒரு எழுத்தும் இல்லை. கல்லூரியில் வேதியியல் துறையை நடத்தியவள் அப்படிப்பட்ட பொருளை நம்பமாட்டாள். நீல லேசருக்கென்று குறிப்பிட்ட ஆரஞ்சுக் கண்ணாடிகள் இரண்டு தனியாக வரவழைத்தேன். ஜன்னலில் ஒரு புகைபோக்கி விசிறி. கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான், நனைத்த சாக்கு. அறைக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஜெயசீலியின் எவர்சில்வர் செம்பையும் வெளியேற்றினேன். பளபளப்பான எதிலும் கதிர் பட்டுத் திரும்பிவிடும்.

ஜெயசீலிக்கு விதிகளைச் சொன்னேன். இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு யாரும் நகரக் கூடாது. கதவைத் தட்டாமல் உள்ளே வரக் கூடாது. பி.வி.சி., ரெக்சின் வகையறா எதுவும் மேசைக்கே வரக் கூடாது. அதைச் சுட்டால் வரும் புகை ஈரத்தில் அமிலமாகும், நுரையீரலையும் அரிக்கும், இரும்பையும் அரிக்கும்.

அவள் ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க கேசரி மாதிரி இருக்கிய மைனி.”

நவம்பர் 1, சனி

முதல் சுடுகை. மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் சோதனைக் கட்டம் ஒன்றை எரித்துப் பார்ப்பது வழக்கம்: குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், சதுரங்கப் பலகை போல. தலை ஓடும்போது மேசை மெல்லக் கிறீச்சிட்டது. வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனை வந்தது. எனக்கு உற்சாகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கட்டம் சரியாக வரவில்லை. ஓரங்கள் நேராக இருக்கின்றன. நடுவில் கோடுகள் நீருக்குள் தெரிவன போல நெளிகின்றன. பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புதிதாக மட்டமான அச்சில் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5, புதன்

பெல்ட்டை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். சக்கரங்களின் திருகுகளைச் சரிபார்த்தேன். பலகையை மாற்றினேன். மேசையின் கால்களுக்கு அடியில் அட்டை வைத்தேன். நடுவில் நெளிவு போகவில்லை. மூன்று நாட்களாக இதே வேலை. உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் உட்கார முடிவதில்லை.

விற்றவர்களின் உதவி எண்ணை அழைத்தேன். கோயம்புத்தூர்ப் பேச்சு; பெயர் பூபதி. கைப்பேசியில் படம் காட்டச் சொன்னார்.

“பியூலா மேடம், பலகையை இன்னுங் கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க... கோடு நேராத்தானுங்களே இருக்குது?”

“நடுவுல பாருங்க.”

“நடுவுலதானுங்க பாக்குறேன். நூல் புடிச்ச மாதிரி இருக்குதுங்க.”

“உங்க போன்ல சரியாத் தெரியல போல.”

“அப்படிங்களா? ஒண்ணு பண்ணுங்க மேடம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கோட்டு மேல வெச்சுப் பாருங்க. கோடு வளைஞ்சிருந்தா ஸ்கேலுக்கு வெளிய தெரியும்.”

வைத்துப் பார்த்தேன். அளவுகோலும் வளைந்திருக்கிறது. ஜெயசீலி அதை வைத்து டப்பா மூடிகளை நெம்புகிறாள்; எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

ஜெயசீலி அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றிவிட்டாள். தான் மாற்றவில்லை என்று சாதிக்கிறாள். இன்று காப்பியில் உப்பு விழுந்ததற்கு வேறென்ன விளக்கம்?

இதற்கு நிரந்தரமாக ஒரு வழி செய்துவிட்டேன். பலகையில் உ, ச, மி, து என்று பெரிய எழுத்துகளை வெட்டி உப்பு, சர்க்கரை, மிளகு, துவரை டப்பாக்களின் மீது ஒட்டினேன். துருத்திக்கொண்டு நிற்பதால் தடவினாலே தெரியும். மழைக்காலம், மின்சாரம் போகும், உதவும். விசிறி, விளக்கு, மோட்டார் சுவிட்சுகளுக்கும் இப்படிச் செய்யலாம்.

எழுத்துகள் அழகாக வந்தன என்றே விரலுக்குத் தெரிகிறது.

நவம்பர் 13, வியாழன்

மழை. நட்சத்திரங்கள் வெட்டும் வேலை தொடங்கியது. பெண்கள் ஐக்கிய விற்பனையில் ஆண்டுதோறும் அதே பின்னல் விரிப்பும் அதே எலுமிச்சை ஊறுகாயும்தான். இந்த ஆண்டு அவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

ஒரு சிறு சம்பவம். துணி உலர்த்த அறைக்குள் வந்த ஜெயசீலி (கதவைத் தட்டவில்லை, கண்ணாடியும் போடவில்லை) “ஐயோ, தீ! மைனி, தீ!” என்று கத்தினாள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அவள் ஈரத் துணியையே மேலே போட்டாள். நட்சத்திரத்தின் ஒரு முனை கருகியிருந்தது.

“பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னத்தைப் பாத்தியளோ?”

“அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

உண்மைதான். அதையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்த கணத்தில்தான் காற்று பட்டுச் சுடர் எழும்பியிருக்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கிப்சன் பேசினான்.

“அம்மா, கண் டாக்டர்ட்ட போகச் சொன்னேனே, போனீங்களா?”

“போயிட்டு வந்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“வயசுக்கு ஏத்த மாதிரி இருக்குன்னாரு.”

போயிருக்கிறேன், சென்ற ஆண்டு. அவர் அப்படித்தான் சொன்னார், வலது கண்ணைப் பற்றி. அதற்குப் பின் அவர் சொன்ன மற்றதைக் கிப்சன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

நவம்பர் 22, சனி

ஜெயசீலிக்கு ஒரு ஆசை. அவளுடைய வேதாகமத்துக்கு ஜிப் வைத்த பழுப்பு உறை ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் தன் பெயரை லேசரால் பொறித்துத் தர வேண்டும், கிறிஸ்துமஸ் ஆராதனையில் பக்கத்தில் உட்கார்பவர்கள் பார்க்க வேண்டும்.

“இது ரெக்சின் இல்லியே?”

“கடைக்காரன் தோலுன்னு சொன்னான். ஒரிஜினல் தோலு.”

கடைக்காரன் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள நான் ஜெயசீலி அல்ல. ஆய்வகத்தில் எத்தனையோ முறை செய்து காட்டிய செம்புக் கம்பிச் சோதனையைச் செய்தேன். கம்பியைக் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, உறையின் உள்மடிப்பில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, ரெக்சின். பச்சை இல்லையென்றால் கவலையில்லை.

பச்சை இல்லை.

“பச்சையா எரியுதே மைனி,” என்றாள் ஜெயசீலி என் தோளுக்குப் பின்னாலிருந்து.

“அது கேஸ் அடுப்போட நிறம்.”

“கேஸு நீலம்லா? இது கிளிப் பச்சை.”

“நீ எம்.எஸ்சி. படிச்சியா, நான் படிச்சேனா?”

“நீங்கதான். எனக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு.”

கம்பியை மறுபடி காய்ச்சித் தொட்டுக் காட்டினேன். பச்சை இல்லை. தோல்தான்.

நவம்பர் 24, திங்கள்

ஜெயசீலி அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். மூச்சுத்திணறல். ஆவி மருந்து கொடுக்கிறார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலை வேதாகம உறையை இயந்திரத்தின் அடியில் பொருத்தினேன். தன் பெயர் எழுத்தெழுத்தாக வருவதைப் பார்க்க வேண்டுமென்று ஜெயசீலி நாற்காலியை மேசைக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஆரஞ்சுக் கண்ணாடியுடன் குனிந்து உட்கார்ந்தாள். மழைச்சாரல் விழுகிறதென்று ஜன்னல் கதவைப் பாதி சாத்தியிருந்தேன். ஜெ முடிந்து ய தொடங்கும்போது நெடி வந்தது.

அந்த நெடியை நான் அறிவேன். எந்த மாணவி எந்தப் புட்டியைத் திறந்து வைத்தாள் என்று வராந்தாவில் நின்றே சொல்லிவிடுவேன். பொத்தானை அழுத்தி, ஜன்னலைத் திறந்து, அவளை வெளியே இழுத்தேன். அதற்குள் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு நெஞ்சுக்குள் விசில் ஊதியது. பிறகு பேச்சே இல்லை. ஜெயசீலியிடமிருந்து பேச்சு வராமல் நான் கண்டது இதுவே முதல் முறை. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் போனோம்.

இன்று மருத்துவர் வந்து கேட்டார்: “எதைப் பத்த வெச்சீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் ஜெயசீலி முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னாள்: “குப்பையை எரிச்சேன் டாக்டர். பழைய ரெக்சின் பை கிடந்துச்சு. மைனி வேண்டாம்னுதான் சொன்னாக, நான்தான் கேக்கல.”

மருத்துவர் அவளைத் திட்டிவிட்டுப் போனார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 27, வியாழன்

வீட்டில் ஒரு ஒலியும் இல்லை. மூன்று முறை அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். மோட்டார் போட்டேன், நிறுத்தினேன். வானொலியைத் திருப்பினேன், நிறுத்தினேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஜெயசீலி நாளை வருகிறாள்.

இயந்திரத்தைத் துடைக்கலாமென்று பின்னறைக்குப் போனேன். எஃகுத் தண்டின் மேல் விரலை ஓட்டியபோது சொரசொரத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன்: துரு. நான்கு நாளில் இப்படித் துருப்பிடிக்கப் பாளையங்கோட்டையில் கடல் இல்லை. ரெக்சின் புகையிலிருந்து வந்த அமிலம்.

அடுப்படிக்குப் போய்ச் செம்புக் கம்பியை எடுத்தேன். உப்புத்தாளால் தேய்த்து, சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மீண்டும் காய்ச்சிச் சுத்தம் செய்தேன். தோட்டக் குழாயில் வெட்டி எடுத்த துண்டு ஒன்று இருந்தது. அது பி.வி.சி. என்பதில் எந்த ஐயமும் இல்லை. குழாய்மேலேயே எழுதியிருக்கிறது, ஜெயசீலி வாசித்திருக்கிறாள். கம்பியை அதில் தொட்டுச் சுடரில் காட்டினேன். நேராகப் பார்த்தேன்.

பச்சை இல்லை. சொல்லப்போனால் சுடரே இல்லை. கம்பியின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண்ணை எங்கே கொண்டுபோனாலும் அதுவும் கூடவே வருகிறது.

அப்போது கூரியர்காரர் மணியடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் பார்வையின் ஓரத்தில், இடது கோடியில், பச்சை எரிந்தது. கிளிப் பச்சை. கூர்மையாக, அழகாக, பாடப்புத்தகத்தில் சொன்னது போல. திரும்பி நேராகப் பார்த்தேன், போய்விட்டது. மறுபடி ஜன்னலைப் பார்த்தேன், வந்தது. மூன்று முறை செய்தேன். முடிவு மாறவில்லை.

சோதனைக் குறிப்பு: கம்பி சுத்தமாக இருந்தது.

டிசம்பர் 1, திங்கள்

ஜெயசீலி சனிக்கிழமையே வந்துவிட்டாள், இரண்டு நாளாகப் பேச்சையும் மீட்டுக்கொண்டாள். வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டிய நாள். கடையில் வாங்கும் காகித நட்சத்திரம்தான் இந்தத் தெருவின் வழக்கம்; நான் வெட்டிய மர நட்சத்திரத்தை, ஒரு முனை கருகியதை, அவள்தான் கட்டுவேன் என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

மேலே நின்றபடியே கேட்டாள்: “எவ்வளவு நாளா மைனி?”

“எது?”

“கண்ணு.”

“கீழ இறங்கு முதல்ல.”

இறங்கினாள். கம்பிக் கதவருகே நின்றோம். எதிர்வீட்டில் ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். ஒரு சிவப்பு மங்கலாகத் தெரிந்தது.

“வலது கண் போன வருஷமே போச்சு. இடது கண் நல்லாத்தான் இருந்துச்சு.”

“உப்புக் காப்பியை நான் ஒரு சொட்டு விடாமக் குடிச்சேனே, அப்பவே தெரியும்.”

“குடிச்சியா? ஏன்?”

“கீழ ஊத்துனா நீங்க பாத்துருவியளேன்னு.” பிறகு சிரித்தாள். “அதையும் பாத்திருக்க மாட்டிய.”

“கிப்சன்ட்ட சொன்னியா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க கோயம்புத்தூர் போனா நான் தூத்துக்குடி போகணும். அங்க மருமவன் ராத்திரி ஃபேன் போட விடமாட்டான். கரண்ட் பில்லாம்.”

இதைவிட நேர்மையான அன்பை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பதுமில்லை.

“ஆனா டாக்டர்ட்ட போகணும்,” என்றாள். “இல்லன்னா நானே கிப்சனுக்குப் போன் போடுவேன். அடுத்த தடவை அந்த மிஷின் என்னைச் சுட்டுப்புடும்.”

டிசம்பர் 3, புதன்

கண் மருத்துவமனை. விழித்திரைப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர்.

“பாட்டி, இங்க வந்து உக்காருங்க.”

“நானும் டாக்டர்தான், வேதியியல்ல. பாட்டி வேண்டாம்.”

“சரிங்க மேடம். வலது கண்ணை மூடிக்கோங்க. இந்த அட்டையில நடுப்புள்ளியை மட்டும் பாருங்க.”

அட்டையில் கட்டங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், சதுரங்கப் பலகை போல. ஒரு மாதமாக நான் ஒட்டுப்பலகையில் எரித்து எரித்துத் தூக்கி எறிந்த அதே கட்டம்.

“நடுப்புள்ளி எங்கே?” என்றேன்.

அவர் அட்டையை இன்னும் அருகே கொண்டுவந்தார். “கோடெல்லாம் நேரா இருக்கா?”

“ஓரத்துல நேரா இருக்கு. நடுவுல நீருக்குள்ள இருக்கிற மாதிரி நெளியுது. அளவுகோல் வெச்சா அளவுகோலும் நெளியும்.”

“எப்பலேருந்து?”

ஜெயசீலி என் முழங்கையைப் பிடித்தாள். நான் தேதியைச் சொன்னேன். நவம்பர் ஒன்று. சோதனைக் கட்டம்.

விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன; கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதா மாதம். கசிவு நிற்கும், நெளிவு ஓரளவு குறையலாம். போன பார்வை முழுவதும் திரும்பாது. வலது கண்ணில் செய்ய எதுவும் மிச்சமில்லை. “ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா...” என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மருத்துவராக வருவார்.

இன்றே முதல் ஊசி. வலிக்கவில்லை. ஊசி கண்ணை நோக்கி வருவது தெரியும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை, இந்தக் குறைபாட்டிற்கு இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

கண்ணில் மணல். ஜெயசீலி சங்கீதம் வாசித்துக் காட்டுகிறாள், நிறுத்தச் சொன்னாலும்.

டிசம்பர் 9, செவ்வாய்

பூபதியை அழைத்துத் துருவைப் பற்றிச் சொன்னேன்.

“மேடம், பி.வி.சி. ஏதாச்சும் சுட்டீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, கேக்க வேண்டியது எங்க கடமைங்க.”

“சுட்டேன். தவறு என்னுடையது. கட்டம் வளைந்ததும் என்னுடையதுதான். உங்கள் இயந்திரத்தில் குறையில்லை. கண் நோய்.”

 “ஐயோ மேடம், நான் அப்பவே கேட்டிருக்கோணுங்க,” என்றார். நீங்கள் கண் மருத்துவர் அல்ல என்று சொன்னேன். சமையல் சோடாக் கரைசலில் தண்டைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசச் சொன்னார். அப்படியே செய்தோம். ஒரு சக்கரம் மட்டும் முனகுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு இயந்திரத்தை மீண்டும் ஓட்டினோம். விதி ஒன்று மாறியிருக்கிறது. “ஆள் இல்லாமல் ஓட்டக் கூடாது” என்பதை, “பார்க்கும் ஆள் இல்லாமல் ஓட்டக் கூடாது” என்று திருத்தியிருக்கிறேன். நான் கணினியில் அமர்ந்து வேகம், வலு எல்லாவற்றையும் தீர்மானிப்பேன்; எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரப் பார்வையில் வாசிக்க முடிகிறது. ஜெயசீலி ஆரஞ்சுக் கண்ணாடியுடன் தள்ளி, ஜன்னலோரம், நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வாய் ஓயாமல் நேர்முக வர்ணனை.

“போகுது... வளையுது... லேசாப் புகை... மைனி, மூலையில மினுக்குன்னு ஒண்ணு... இல்ல, அணைஞ்சு போச்சு... நேராப் போகுது...”

“தேவையானதை மட்டும் சொல்லு.”

“எது தேவைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான எம்.எஸ்சி.”

பன்னிரண்டு நட்சத்திரங்கள். ஒன்றும் கருகவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

கிப்சன் நேற்று முன்தினம் வந்தான். ஜெயசீலி தான் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும், அவன் செருப்பைக் கழற்றுமுன், வலது கண், இடது கண், ஊசி, ரெக்சின், ஜெயசீலியின் மூச்சு என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“என்ட்ட பொய் சொன்னீங்க.”

“ஆமா.”

“இதுக்கு மேல எப்படிம்மா இங்கே விட்டுட்டுப் போறது? சீலி அத்தை செத்திருக்கலாம்.”

 ஜெயசீலி முந்திக்கொண்டாள்.

“செத்திருந்தா சொல்லு. நான்தான் உயிரோட இருக்கேன்ல? மேல உள்ளதை நான் பாத்துக்கிடுதேன். நல்லா பாக்குத கண்ணு எனக்கு ரெண்டு கிடக்கு, சும்மா சீரியல் பாத்து வீணாப் போகுது.”

கிப்சன் கோபத்துடன் அடுப்படிக்குப் போய்த் தானே காப்பி கலந்துகொண்டு வந்தான். ஒரு வாய் குடித்தவன் முகத்தைச் சுளித்தது எனக்குத் தெரியவில்லை. ஜெயசீலி விழுந்து விழுந்து சிரித்ததிலிருந்து புரிந்துகொண்டேன். டப்பாவின் மீது உள்ளங்கை அகலத்தில் உ என்று ஒட்டியிருக்கிறது. இரண்டு கண்ணும் நல்ல நிலையில் உள்ளவன்.

இன்று மாலை ரயில். ஈஸ்டர் வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஊசி ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஒவ்வொரு முறையும் அறிக்கையை ஜெயசீலி படம் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அவள் அருகில் இல்லாமல் இயந்திரம் ஓடக் கூடாது. கோயம்புத்தூர் இடத்தை ரத்து செய்யவில்லை. நானாக இருந்தாலும் செய்திருக்கமாட்டேன்.

“பார்ப்போம்” என்ற பன்மையில் இம்முறை மூன்று பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.

ஜனவரி 7, புதன்

இரண்டாவது ஊசி முடிந்தது. தினமும் காலையில் கட்டத்தைப் பார்த்து, நெளிவு கூடுகிறதா என்று கவனிக்கச் சொல்லி ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். மெல்லிய அட்டை, எப்படியும் ஜெயசீலி அதன்மேல் எண்ணெய்க் கரண்டியை வைப்பாள். ஒட்டுப்பலகையில் நானே ஒன்றை எரித்துக்கொண்டேன். நடுப்புள்ளியை மட்டும் ஆழமாகச் சுட்டேன், விரல் வைத்தால் தட்டுப்படும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை விரல் சொல்லும். அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

இன்று காலை வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அதன் முன் நின்றேன். பின்னால் ஜெயசீலி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“மேலேயும் கீழேயும் நேரா இருக்கு. நடுவுல மூணாவது கோடு இன்னும் வளைஞ்சிருக்கு. நேத்தைவிடக் கூடல.”

“வளைஞ்சிருக்கா? பெல்ட்டை முறுக்கட்டுமா மைனி?”

கல்லில் மாவு ஊற்றும் ஒலி கேட்டது. அவள் என் பதிலுக்காகக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பது ஓரத்தில் தெரிந்தது.

“வேண்டாம்,” என்றேன். “பெல்ட் நல்லாத்தான் இருக்கு.”